இத்தாலியின் டாப் ஸ்கோரர் இஸ்தான்புல்லுக்கு ஏன் போனார்? விக்டர் ஒசிமெனின் பாதை

2023 மே 4-ம் தேதி உடினேசே அணியின் மைதானத்தில் நைஜீரிய ஸ்ட்ரைக்கர் விக்டர் ஒசிமென் அடித்த கோலால் ஆட்டம் 1-1 என்று சமனாகி, 33 ஆண்டுகளுக்குப் பிறகு நேப்பிள்ஸ் நகரின் நாப்போலி அணி இத்தாலிய சாம்பியன் ஆனது. அந்த சீசனில் லீக்கில் மட்டும் அவர் அடித்தது 26 கோல். இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஏ-யில் அதிக கோல் அடித்தவர் என்ற பட்டத்தை அதற்கு முன் எந்த ஆப்பிரிக்கரும் வாங்கியதில்லை. நேப்பிள்ஸ் தெருக்களில் சின்னப் பையன்கள் அவரைப் போலவே கறுப்பு முகமூடி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதற்குப் பிறகு பதினாறே மாதத்தில், 2024 செப்டம்பரில், அதே ஆள் அதே க்ளப்பின் அணிப் பட்டியலில்கூட இல்லை. ஐரோப்பாவின் பெரிய லீக்குகளின் டிரான்ஸ்ஃபர் கதவெல்லாம் மூடிய பிறகு, கதவு இன்னும் திறந்திருந்த துருக்கிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக இன்னொரு க்ளப்புக்கு ஆட, விமானம் ஏறினார்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் "பணத்துக்காகப் போயிட்டார்" அல்லது "கோபக்காரர், ஒத்துப்போக மாட்டார்" என்பதுதான். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒசிமென் எங்கே விளையாட வேண்டும் என்பதை அவருடைய கோல்கள் பாதிதான் முடிவு செய்தன. மீதிப் பாதியை முடிவு செய்தவை ஒப்பந்தத் தாள்களும், அவற்றில் இருந்த தேதிகளும், அந்தந்த வாரத்தில் எந்த க்ளப்பின் கையில் காசு இருந்தது என்பதும்தான். வெளிநாட்டில் ஆடும் ஆப்பிரிக்க வீரர்கள் பலருக்கும் இது பொருந்தும், ஆனால் ஒசிமென் விஷயத்தில் ஒவ்வொரு படியிலும் அது அப்பட்டமாகத் தெரிகிறது.

சரி, தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1998 டிசம்பர் 29 அன்று லாகோஸில் பிறந்தவர். வளர்ந்தது ஒலுசோசுன் பகுதி, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று இருக்கும் இடம். சிறு வயதிலேயே தாய் இறந்துவிட்டார், அப்பாவுக்கு வேலை போனது, வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர், இவர்தான் கடைக்குட்டி. லாகோஸ் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஓடி ஓடித் தண்ணீர் விற்றதையும், குப்பை மேட்டில் கிழிந்த பூட்ஸ்களைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வறுமையிலிருந்து வந்த வீரர் என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போவது எளிது. ஆனால் கால்பந்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விவரம் இதில் இருக்கிறது: ஒசிமென் நைஜீரியாவின் உள்ளூர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. லாகோஸில் இருந்த ஒரு தனியார் அகாடமி, அங்கிருந்து நைஜீரியாவின் 17 வயதுக்குட்பட்டோர் அணி, அங்கிருந்து நேராக ஜெர்மனி.

இது பழைய தலைமுறையின் பாதை இல்லை. நைஜீரியாவுக்காக அதிக கோல் அடித்த ரஷிதி யெகினி முதலில் இபாடான் நகரின் ஷூட்டிங் ஸ்டார்ஸ் அணியில் ஊரறிந்த ஹீரோவாகி, பிறகு ஐவரி கோஸ்ட்டில் ஆடி, 27 வயதை நெருங்கும்போதுதான் போர்ச்சுகலின் விட்டோரியா செட்டுபலுக்குப் போனார். இன்றைக்கு உள்ளூர் லீக்கில் சம்பளம் நேரத்துக்கு வருவதே நிச்சயமில்லை, அதனால் திறமையுள்ள பையனுக்கு அது ஒரு நிறுத்தமாகக்கூட இருப்பதில்லை.

2015-ல் சிலியில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஒசிமென் 10 கோல் அடித்தார். அந்தப் போட்டியின் வரலாற்றில் ஒரே தொடரில் அவ்வளவு கோல் யாரும் அடித்ததில்லை. இறுதி ஆட்டத்தில் மாலியை 2-0 என்று நைஜீரியா வென்றபோதும் ஒரு கோல் இவருடையது. பயிற்சியாளர் எம்மானுவேல் அமுனெகே, 1994 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் நைஜீரியாவின் இரண்டு கோலையும் அடித்தவர், பிறகு பார்சிலோனாவில் ஆடியவர். தொடர் முடிந்ததும் ஐரோப்பாவின் பெரிய க்ளப்புகள் வரிசையில் நின்றன. ஆனாலும் உடனே கிளம்ப முடியாது. 18 வயது ஆகாத வீரரை, சில விதிவிலக்குகள் தவிர, நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்பது ஃபிஃபா விதி. சிறுவர்களை ஏமாற்றிக் கூட்டிப்போய் ஐரோப்பியத் தெருக்களில் கைவிட்ட ஏஜென்ட்கள் அதிகமானதால் கடுமையாக்கப்பட்ட விதி அது, தேவையான விதியும்கூட. 2016 டிசம்பர் கடைசியில் ஒசிமெனுக்கு 18 முடிந்தது, 2017 ஜனவரியில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணியில் சேர்ந்தார்.

அங்கே எல்லாமே தப்பாகப் போனது. ஒன்றரை வருடத்தில் லீக்கில் 14 ஆட்டம், கோல் ஒன்றுகூட இல்லை. முழங்கால், தோள் என்று காயங்கள். அணியில் மூத்த ஸ்ட்ரைக்கர் மரியோ கோமெஸ் இருந்தார், பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், க்ளப் இரண்டு சீசனும் கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பிக்கவே போராடியது. அப்படிப்பட்ட அணியில் 18 வயதுப் புதுப் பையனை வைத்துச் சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிவு வராது. இதற்கு நடுவில் 2018 கோடையில் மலேரியா வேறு. அந்தக் கோடையில் பெல்ஜியத்தின் சூல்தே வாரேகெம், க்ளப் ப்ரூஜ் இரண்டும் இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. 19 வயதில், இரண்டாம்தர ஐரோப்பிய லீக்கில்கூட இடம் கிடைக்காமல் நின்றவர் இவர்தான்.

கடைசியில் பெல்ஜியத்தின் இன்னொரு க்ளப் ஷார்லெருவா லோனில் எடுத்தது. பெல்ஜியம் ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், நைஜீரிய வீரர்களின் கதையில் அந்தச் சின்ன நாடு மறுபடி மறுபடி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர்களை இத்தாலி போன்ற நாடுகள் எண்ணிக்கை வைத்துக் கட்டுப்படுத்துகின்றன. பெல்ஜியம் அப்படி எண்ணிக்கை வைக்காமல், அவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு தர வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. க்ளப்புகளும் இளம் வீரரை வாங்கி, இரண்டு வருடம் ஆடவைத்து, பெரிய லீக்குக்கு விற்றுத்தான் பிழைக்கின்றன. ஸ்டீஃபன் கேஷி, டேனியல் அமோகாச்சி, விக்டர் இக்பேபா, செலஸ்டீன் பாபயாரோ என்று பலருக்கும் ஐரோப்பிய வாசல் அதுதான். ஒசிமென் அங்கே எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து ஒரே சீசனில் 20 கோல் அடித்தார். லோன் ஒப்பந்தத்தில் ஏறக்குறைய மூன்றரை மில்லியன் யூரோவுக்கு நிரந்தரமாக வாங்கிக்கொள்ளும் உரிமை எழுதப்பட்டிருந்தது. ஷார்லெருவா அதைப் பயன்படுத்தி வாங்கியது, சில வாரத்திலேயே பிரான்சின் லீலுக்கு விற்றது. வந்த பணம் 12 மில்லியனுக்கு மேல் என்று அப்போது செய்திகள் சொல்லின. வோல்ஃப்ஸ்பர்க்கில் யாரோ அந்த ஒரு வரியை எழுதச் சம்மதித்ததன் விலை அது.

லீலும் அதே வியாபாரம்தான், கொஞ்சம் பெரிய அளவில். நிகோலா பெப்பேவை ஆர்சனலுக்குப் பெரும் தொகைக்கு விற்ற அதே கோடையில் ஒசிமெனை எடுத்தார்கள். பெருந்தொற்றால் பாதியில் நின்ற 2019-20 லீக்கில் 13 கோல், மொத்தம் 18. பிரெஞ்சு லீக்கின் சிறந்த ஆப்பிரிக்க வீரருக்கான மார்க்-விவியன் ஃபோயே விருதும் கிடைத்தது. ஒரே ஒரு சீசன்தான், 2020 ஜூலை கடைசியில் நாப்போலி வந்து வாங்கிக்கொண்டது. அந்த மே மாதம்தான் அவருடைய அப்பா இறந்திருந்தார், விமானங்கள் நின்றிருந்த காலம், கடைசி நேரத்தில் மகனால் பக்கத்தில் இருக்க முடியவில்லை. வாழ்க்கையின் மிகப் பெரிய ஒப்பந்தத்தைப் பற்றிய முடிவை அந்த மனநிலையில்தான் அவர் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடையைப் பற்றி எழுதுகிறவர்கள் நாப்போலி கொடுத்த எழுபது மில்லியன் யூரோவைத்தான் முதலில் எழுதுகிறார்கள், எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அந்த எழுபது மில்லியன் யூரோவும் முழுக்கப் பணமாகக் கைமாறவில்லை. பதிலுக்கு நாப்போலி நான்கு வீரர்களை லீலுக்குக் கொடுத்ததாகக் கணக்கு: மூத்த கோல்கீப்பர் கர்னேசிஸ், கூடவே மூன்று இளைஞர்கள். நால்வரின் மதிப்பு சேர்த்து ஏறத்தாழ 20 மில்லியன் என்று எழுதப்பட்டது. அந்த இளைஞர்களில் ஒருவரும் லீலின் முதல் அணிக்காக ஆடவேயில்லை. வீரர்களின் மதிப்பை ஏற்றிக் காட்டிக் கணக்கை அழகுபடுத்தினார்களா என்று இத்தாலியில் பல வருடங்களாக விசாரணை நடந்து விவகாரம் நீதிமன்றம் வரை போனது, க்ளப் தரப்பு தவறே செய்யவில்லை என்று மறுத்தது. முடிவு எப்படியானாலும், ஒசிமென் தொடாத, பார்க்காத ஒரு கணக்குப் புத்தகத்தில் அவருடைய பெயர் வருடக்கணக்கில் புரண்டது.

இன்னொரு பக்கம், இப்படிப்பட்ட பணத்தில் சிறு பங்கு பையன் வளர்ந்த இடத்துக்கும் போக வேண்டும். நாடு விட்டு நாடு நடக்கும் டிரான்ஸ்ஃபர் தொகையில் ஐந்து சதவீதத்தை, அந்த வீரர் 12 முதல் 23 வயது வரை எங்கெங்கே பயிற்சி பெற்றாரோ அந்த க்ளப்புகளுக்கு ஃபிஃபா விதிப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்குக் கால் சதவீதம், அதற்கு மேல் அரை சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 70 மில்லியனில் அரை சதவீதம் என்றால் மூன்றரை லட்சம் யூரோ, லாகோஸில் ஒரு அகாடமியைப் பல வருடம் நடத்தலாம். இதைக் கேட்டு வாங்கப் பதிவேடும் ஆவணமும் வேண்டும், அது இல்லாததால் எத்தனையோ ஆப்பிரிக்க அகாடமிகள் இந்தப் பங்கை இழக்கின்றன. இதைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

நேப்பிள்ஸில் முதல் இரண்டு வருடம் உடம்புதான் எதிரி. 2020 நவம்பரில் நைஜீரியாவுக்காக சியரா லியோனுடன் ஆடும்போது தோள் விலகியது. பிறகு கோவிட். பிறகு அட்டலாண்டாவுடன் ஆடும்போது தலையில் அடி. அதற்கெல்லாம் மேல் 2021 நவம்பரில் இன்டர் டிஃபென்டர் ஸ்க்ரினியாரோடு மோதியதில் முகத்தில் பல எலும்பு முறிவுகள், அறுவை சிகிச்சை செய்து தகடுகள் பொருத்தினார்கள். அந்த முகமூடி அங்கிருந்து வந்ததுதான், அலங்காரத்துக்காகப் போட்டதில்லை. இத்தனைக்கும் நடுவில் லீக்கில் முதல் வருடம் 10 கோல், இரண்டாம் வருடம் 14.

2022-23 வேறு கதை. ஸ்பல்லெட்டி பயிற்சியாளர், இடப்பக்கம் குவரட்ஸ்கெலியா, பின்னால் கிம் மின்-ஜே. ஒசிமென் அழகாகப் பந்தைத் தடவும் ரகம் இல்லை, முதல் டச் சில நேரம் நழுவும், எளிதான வாய்ப்பையும் வீணடிப்பார். ஆனால் அவரை எதிர்த்து 90 நிமிடம் ஆடுவது பெரும் தண்டனை. டிஃபென்டர்களுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்கு ஒரே ஆட்டத்தில் இருபது முறை ஓடுவார், பத்தொன்பது முறை பந்து வராது, இருபதாவது முறையும் அதே வேகத்தில் ஓடுவார், அந்த ஒரு முறை பந்து வந்தால் அவ்வளவுதான். அப்புறம் அந்த ஹெட்டர், எதிராளி குதித்து இறங்கின பிறகும் இவர் மேலேயே நிற்பதுபோல் இருக்கும். 2023 ஜனவரியில் ரோமாவுக்கு எதிராக நெஞ்சில் வாங்கி, தொடையில் தட்டி, பந்து தரையில் படும் முன்பே வலையின் கூரைக்கு அடித்தாரே, அந்தக் கோலை இப்போதும் தேடிப் பார்க்கலாம். உடினேசே கோலோடு சீரி ஏ-யில் ஆப்பிரிக்க வீரர் ஒருவரின் அதிகபட்சமான ஜார்ஜ் வேயாவின் 46 கோலைத் தொட்டார், மூன்று நாள் கழித்து ஃபியோரெண்டினாவுக்கு எதிராகத் தாண்டினார். வருடக் கடைசியில் மராகேஷில் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது. 1999-ல் கானு வாங்கியதற்குப் பிறகு நைஜீரியாவுக்கு அது கிடைக்கவே இல்லை.

உச்சத்தில் இருந்தபோதே உறவு கெட ஆரம்பித்தது. அதற்கு முன்பே, 2022-ல், க்ளப் தலைவர் டி லாரென்டிஸ் பொதுவெளியில் ஒரு பேச்சுப் பேசினார்: ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போக மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் தவிர இனி ஆப்பிரிக்க வீரர்களை எடுக்க மாட்டேன் என்ற பொருளில். சீசனின் நடுவில், ஜனவரியில் வரும் போட்டி க்ளப்புக்கு இடைஞ்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக்கு ஆடுவதையே குற்றமாக்கும் பேச்சு அது. 2023 செப்டம்பரில் போலோனியாவுக்கு எதிராக ஒசிமென் பெனால்டியைத் தவறவிட்ட பிறகு, அவரைக் கேலி செய்யும் வீடியோக்கள் க்ளப்பின் அதிகாரபூர்வ டிக்டாக் பக்கத்திலேயே வந்தன. ஏஜென்ட் ராபர்ட்டோ கலெண்டா வழக்குப் போடுவோம் என்றார், க்ளப் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்றது. சொந்த க்ளப், சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த நாலே மாதத்தில்! கோபப்பட்டார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம்.

இனிமேல்தான் அந்தத் தாள் வருகிறது. 2023 டிசம்பரில் 2026 வரைக்கும் புது ஒப்பந்தம் போட்டார்கள். சம்பளம் வரி போக வருடத்துக்குப் பத்து மில்லியன் யூரோ அளவில், விடுவிப்புத் தொகை (அதைக் கட்டினால் க்ளப் வீரரை விட்டே ஆக வேண்டும்) 120-130 மில்லியன் அளவில் என்று செய்திகள் வந்தன. கேட்க இரண்டு தரப்புக்கும் வெற்றி மாதிரி இருந்தது. ஆனால் வாங்க வரும் க்ளப்பின் இடத்திலிருந்து பாருங்கள். 130 மில்லியனை ஐந்து வருட ஒப்பந்தத்தில் பிரித்துக் கணக்கில் எழுதினாலே வருடத்துக்கு 26 மில்லியன். சம்பளம் இன்னொரு சிக்கல். வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் வருமானத்தில் பாதிக்கு வரி விலக்கு தரும் சட்டம் இத்தாலியில் இருந்தது, அதனால் அங்கே ஒரு வீரர் கையில் பத்து வாங்கினால் க்ளப்புக்கு ஆகும் செலவு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இங்கிலாந்தில் அதே பத்தைக் கையில் கொடுக்க ஏறத்தாழ இருபது செலவாகும். ஆக ஒரே ஸ்ட்ரைக்கருக்காக வருடத்துக்கு 45 மில்லியனுக்கு மேல், அதுவும் நிதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள். அப்படி வாங்கக்கூடிய க்ளப்புகள் உலகிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். நாப்போலியை விட்டுப் போக அவருக்கு வழிசெய்து கொடுப்பதாக எழுதப்பட்ட ஒப்பந்தமே அவரை அங்கே கட்டிப் போட்டது.

2023-24-ல் நாப்போலி பத்தாவது இடத்தில் முடிந்தது, பயிற்சியாளர்கள் மூன்று பேர் மாறினார்கள். அந்தச் சீசனிலும் ஒசிமென் லீக்கில் 15 கோல். கோடையில் புதுப் பயிற்சியாளராக கொன்டே வந்தார், தனக்குப் பழக்கமான ஸ்ட்ரைக்கர் லுகாகுவைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 30, டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாள், இங்கிலாந்தின் செல்சியுடன் பேச்சு சம்பளத்தில் நின்றது. சவூதியின் அல் அஹ்லியுடன் ஏறக்குறைய முடிந்த பேரமும் கடைசி நேரத்தில் உடைந்தது, அவர்கள் ஐவன் டோனியை எடுத்துக்கொண்டார்கள். நாப்போலி அவரை லீக் பட்டியலிலிருந்து நீக்கியது. துருக்கியில் டிரான்ஸ்ஃபர் காலம் செப்டம்பர் நடுவரை திறந்திருந்தது. இஸ்தான்புல்லின் கலாட்டாசராய் வந்தது, லோன். லோனோடு சேர்ந்து ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டது, வெளிநாட்டு க்ளப்புகளுக்கான விடுவிப்புத் தொகை 75 மில்லியனாக இறங்கியது. இந்தக் கடைசி விவரம் ரொம்ப முக்கியம்.

இஸ்தான்புல்லில் நள்ளிரவில் ஆயிரக்கணக்கான பேர் விமான நிலையத்துக்கு வந்து நின்றார்கள். நைஜீரியர்களுக்கு அந்த நகரம் புதிதில்லை. ஒகோச்சாவும் உச்சே ஒகெச்சுகுவும் ஃபெனர்பாச்சேயில் ஆடியவர்கள், அமோகாச்சி பெஷிக்தாஷில். ஆனால் 25 வயதில், உச்ச ஆட்டத்தில் இருக்கும்போது இந்த அளவு வீரர் அங்கே வருவது அபூர்வம். லீக்கில் 30 ஆட்டம், 26 கோல், மொத்தம் 41-ல் 37. லீக், கோப்பை இரண்டும் கலாட்டாசராய்க்கு, கோப்பை இறுதியில் டிராப்சோன்ஸ்போரை 3-0 என்று வென்றதில் இரண்டு கோல் இவருடையது. நவம்பரில் டாட்டன்ஹாமை 3-2 என்று வென்ற ஆட்டத்திலும் இரண்டு. துருக்கி லீக் பலவீனமானது, அதனால்தான் கோல் கொட்டுகிறது என்பவர்களுக்கு அந்த ஆட்டம் ஒரு பதில். 2025 செப்டம்பரில் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்த பெனால்டியும், நவம்பரில் அயாக்ஸ் மைதானத்தில் போட்ட ஹாட்ரிக்கும் சாம்பியன்ஸ் லீக்கில் வந்தவை.

2025 ஜூலை 31-ல் கலாட்டாசராய் அந்த 75 மில்லியனைக் கொடுத்து அவரை நிரந்தரமாக வாங்கியது, 2029 வரை ஒப்பந்தம். துருக்கிக் க்ளப்புகள் ஒரு வீரருக்கு 20 மில்லியனைத் தாண்டுவதே அதுவரை அரிது. க்ளப்பின் நிறுவனம் இஸ்தான்புல் பங்குச் சந்தையில் இருப்பதால் எண்களை மறைக்க முடியாது: வருடத்துக்கு 15 மில்லியன் சம்பளம், ஒரு மில்லியன் விசுவாசத் தொகை, 5 மில்லியன் விளம்பர உரிமை. சவூதியின் அல் ஹிலால் இதைவிடப் பெரிய தொகையோடு காத்திருந்தது என்பது அந்தக் கோடையில் பரவலாக வந்த செய்தி. பணம் மட்டும்தான் நோக்கம் என்றால் அங்கே போயிருக்கலாம். நாப்போலியும் சும்மா விடவில்லை, இரண்டு வருடத்துக்கு எந்த இத்தாலிய க்ளப்புக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. ஜுவென்டஸ் சட்டையில் அவரைப் பார்க்க நேப்பிள்ஸுக்கு மனமில்லை.

க்ளப்பில் இப்படி எல்லாம் கிடைத்தவருக்கு நாட்டுச் சட்டையில் மட்டும் ஒன்று கிடைக்கவே இல்லை. யெகினியின் 37 கோல் சாதனையை ஒசிமென் நெருங்கிவிட்டார். யெகினி 1994-ல் டல்லாஸில் பல்கேரியாவுக்கு எதிராக நைஜீரியாவின் முதல் உலகக் கோப்பைக் கோலை அடித்து, வலையைப் பிடித்துக்கொண்டு கைகளை வெளியே நீட்டி அழுத காட்சி அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தெரியும். ஒசிமெனோ உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. 2022-க்கான தகுதியை கானாவிடம் வெளிமைதான கோல் கணக்கில் (சமனானால் எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கு முன்னுரிமை) இழந்தார்கள். 2026-க்கான தகுதிச் சுற்றில், 2025 அக்டோபரில் பெனினுக்கு எதிராக அவர் ஹாட்ரிக் அடித்து அணியின் நம்பிக்கைக்கு உயிர் கொடுத்தார். நவம்பரில் ரபாத்தில் நடந்த பிளே-ஆஃபில் காபோனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் அடித்து 4-1 என்று தூக்கிவிட்டார். மூன்று நாள் கழித்து காங்கோ ஜனநாயகக் குடியரசுடன் ஆடியபோது காயத்தால் இடைவேளையிலேயே வெளியேறினார். 1-1, பெனால்டியில் 4-3, தோல்வி. அடுத்த வாய்ப்பு 2030, அப்போது அவருக்கு வயது 31 ஆகியிருக்கும்.